காபியில காபி இருக்கணுமாம்! சிரிச்சுட்டு இந்த வரிக் கணக்கையும் பாருங்க

சிக்கரி கலந்த காபித் தூள்ல குறைஞ்சது 51% காபி இருக்கணும். இது உணவுப் பாதுகாப்பு விதி. "காபியில காபி இருக்கணும்னு சட்டமா?"னு சிரிப்பு வரும். அது இல்லாட்டி டம்ளர்ல என்ன இருக்கும்னு யோசிங்க!

1962 வருமான வரி விதிகள்ல 7பி இன்னும் ஜோர். "சிக்கரி கலந்தாலும் கலக்காவிட்டாலும்"னு அதுல தனியாவே எழுதியிருந்துச்சு.

சரி, நமக்கென்ன? தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் "காபித் தோட்டத்துல பணம் போடுங்க, விவசாய வருமானம், வரியே இல்ல"னு யாராவது சொன்னா, இந்தக் கணக்கைக் காட்டுங்க.

விளைவிச்சவரே விற்று, லாபம் 1 லட்சம்னா:

- பழமாவே வித்தா: முழுக்க விவசாய வருமானம், வரிவிலக்கு.
- க்யூரிங் செஞ்சு வித்தா: 25,000 வரிக்கு உட்படும்.
- வறுத்து அரைச்சு வித்தா: 40,000. நீங்க 30% ஸ்லாப்னா வரி 12,000 ரூபாய், செஸ் தனி.

விவசாய வருமானம் 5,000-ஐத் தாண்டினா, உங்க சம்பளத்துக்கு வரி போடும்போது அதையும் கணக்குல சேர்ப்பாங்க.

தோட்டத்தை வேறொருத்தர் நடத்தி உங்களுக்கு 'ரிட்டர்ன்' மட்டும் தந்தா, அது விவசாய வருமானமாவே இல்லாம போகலாம். யார் விளைவிக்கிறாங்க, யார் வறுக்கிறாங்க, யார் பேர்ல விக்கிறாங்க? மூணையும் கேட்டுட்டு கையெழுத்துப் போடுங்க.