சிரிச்சா நம்ம ஆளு

மேலே ஒரு பையனும் ஒரு பெண்ணும் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாமல் தூரத்திலிருந்து எடுத்த படம், முகத்தை மறைக்கவில்லை. கீழே வடிவேலுவின் முகம். நடுவில் ‘நாடகக் காதல்’ என்று கொட்டை எழுத்து, சாதி மீறிய காதலை ஏமாற்று என்று பழிக்கும் சொல். ஓரத்தில் ஒரு கத்தி எமோஜி, அதை ஒட்டியே கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம். சேலம், நாமக்கல் பக்கத்து இளைஞர்களுக்கு இந்த வகை மீம் புதிதல்ல. பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் ஒரு சிரிப்போடு அடுத்ததற்குத் தள்ளிவிடுவார்கள். சிலர் லைக் போடுவார்கள். ஒருவன் மட்டும் ‘செம ப்ரோ, இவனுங்கள விடக்கூடாது’ என்று எழுதுவான். அந்தப் பக்கத்தை நடத்துகிறவருக்கு வேண்டியது அந்த ஒருவன்தான்.

மீம் இங்கே ஒரு சல்லடை. சிரிக்காதவன் கீழே விழுந்துவிடுவான். சிரித்தவனுக்கு இன்பாக்ஸில் ஒரு செய்தி வரும்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இதைச் சொன்னால், ‘நம்ம ஏரியாவுல சாதியெல்லாம் யாரு சார் பாக்குறா’ என்பார்கள். வாடகைக்கு வீடு கேட்டு அலைந்தவர்களுக்கு அந்தப் பதிலின் அர்த்தம் வேறு. அது வேறு கதை. ஆனால் இங்கே பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் வீடுகள் ஓமலூரிலும் சங்ககிரியிலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் இருக்கின்றன. இங்குள்ள பிள்ளைகள் நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளுக்குப் போகிறார்கள். வகுப்பில் யார் எந்த ஊர் என்று தெரியாவிட்டாலும், யாருடைய ஸ்டேட்டஸில் எந்தக் கொடியின் நிறம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதே சமவெளியில் நடந்ததைத்தான் முதலில் நினைவுபடுத்த வேண்டும். ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், பட்டியல் சாதி இளைஞர். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் மலைக்கோயிலில், உடன் படித்த வேறு சாதிப் பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து ஒரு கும்பலால் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அவருடைய உடல் கிடந்தது. முதல் குற்றவாளி, தீரன் சின்னமலை கவுண்டர் பேரவையின் நிறுவனர் யுவராஜ். தலைமறைவாக இருந்த மாதங்களில் அவர் வாய்மூடி இருக்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளாக வந்துகொண்டே இருந்தார். காவல்துறைக்குச் சவால் விட்டார், தொலைக்காட்சிக்குப் பேட்டியும் கொடுத்தார். அக்டோபர் 11 அன்று நாமக்கல் சிபிசிஐடி அலுவலகத்தில் சரணடைய வந்தபோது ஆதரவாளர் கூட்டம் காத்திருந்தது. கொலை வழக்கில் தேடப்படுகிற ஒருவர் கைப்பேசி வழியாகவே கதாநாயகன் ஆனார். பிறகு அவர் நீதிமன்றத்துக்கு வந்துபோகும் காட்சிகளை வெட்டி, சினிமா மாஸ் இசையைச் சேர்த்துச் சுற்றவிட்டார்கள். தீர்ப்பைப் படித்தவர்களைவிட அந்தத் துண்டுகளைப் பார்த்தவர்களே அதிகம் இருப்பார்கள்.

தீர்ப்பு இது: 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது, யுவராஜுக்கு ஆயுள் முடியும்வரை சிறை. 2023 ஜூன் 2 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதிசெய்தது. கூடவே நின்று வீரம் பேசியவர்களும் சிறைக்குப் போனார்கள். மாஸ் இசை போட்ட வீடியோ எதிலும் இந்தப் பகுதி வராது.

வாட்ஸ்அப்புக்கு முன்பும் இந்த உத்தி இருந்தது. அந்தக் கொலைக்கு ஆறு மாதம் முன்னால், அதே திருச்செங்கோட்டில், பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிராகப் போராட்டம் நடந்தது. முழுப் புத்தகத்தையும் யாரும் கொடுக்கவில்லை. சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து விநியோகித்தார்கள். முன்னும் பின்னும் வெட்டி, கோபம் வரும் இடத்தை மட்டும் காட்டுவது அன்று ஜெராக்ஸ் கடையில் நடந்தது, இன்று ஸ்கிரீன்ஷாட்டில் நடக்கிறது. எழுத்தாளர் எழுதுவதையே நிறுத்துவதாக அறிவிக்கும் அளவுக்கு அது போனது. 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்ற பிறகே நிலைமை மாறியது.

மீம் ஏன் சாதிப் பக்கம் நடத்துகிறவர்களுக்கு இவ்வளவு வசதி? ‘சும்மா ஜோக் ப்ரோ’ என்று பின்வாங்க முடியும், அதுதான். அமெரிக்காவில் நவநாஜி இணையதளம் ஒன்றின் எழுத்தாளர்களுக்கான உள்கையேடு 2017இல் வெளியே கசிந்தது. புதிதாக வருகிறவனுக்கு நாம் விளையாட்டாகச் சொல்கிறோமா நிஜமாகச் சொல்கிறோமா என்று தெரியக் கூடாது என்பது அதில் இருந்த அறிவுரைகளில் ஒன்று. 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் தன் அறிக்கை முழுக்க இணைய நக்கல்களைத் தூவி வைத்திருந்தான். கொலையை ஃபேஸ்புக்கில் நேரலையும் செய்தான். நம் ஊர் சாதிப் பக்கங்களை நடத்துகிறவர்கள் அந்தக் கையேட்டைப் படித்திருக்க வேண்டியதில்லை. கேலி செய்தால் எதிராளி மனிதனாகத் தெரிய மாட்டான் என்பது எந்தக் கையேடும் இல்லாமலே கைவரும் பாடம்.

ஆள் சேர்ப்பது படிப்படியாக நடக்கிறது. முதலில் சாதிப் பெயரே இல்லாத பொதுவான சிரிப்பு மீம்கள்: படிப்பு, பரீட்சை, கிரிக்கெட். பிறகு ‘ஆண்ட பரம்பரை’, சிங்கம், வாள், குதிரை. அதன் பிறகு ‘நம்மள அழிக்கப் பார்க்குறாங்க’ என்கிற பயம். ‘நம்ம பொண்ணுங்கள காப்பாத்தணும்’ என்கிற கடமை. இந்த இடத்தில் பொதுப் பக்கத்திலிருந்து மூடிய குழுவுக்கு அழைப்பு வரும். குழுவில் ஒரு அண்ணன் இருப்பார். பைக் ஊர்வலத்துக்குப் பெட்ரோல் போட்டுத் தருவார், பிரச்சினை என்றால் ஸ்டேஷனில் பேசுவார், வேலை வாங்கித் தருவதாகச் சொல்வார். வீட்டில் யாரும் ஒரு பொருட்டாக நினைக்காத பதினேழு வயதுப் பையனை அங்கே பெயர் சொல்லி அழைப்பார்கள். கொள்கையைக் கேட்டு உள்ளே போகிறவர்கள் குறைவு. இந்த மரியாதைக்காகப் போகிறவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

வெட்டப்படுவதில் வரலாறும் உண்டு. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டவர் தீரன் சின்னமலை. ஆடிப் பதினெட்டில் அங்கே ஊர்வலமாகப் போகும் பிள்ளைகளின் கைப்பேசியில் அவர் ஒற்றைச் சாதியின் சின்னமாக இருக்கிறார். அவருடைய படையில் முக்கியமானவராகப் போற்றப்படும் பொல்லான் அருந்ததியர். அந்த மீம்களில் பொல்லானுக்கு இடமில்லை.

சாதி மட்டும் என்றும் இல்லை. 2022 மே மாதம் ஓமலூர் அருகே வாகனச் சோதனையில் இரண்டு இளைஞர்கள் நாட்டுத் துப்பாக்கிகளுடன் பிடிபட்டார்கள். யூடியூப் பார்த்துத் துப்பாக்கி செய்யக் கற்றார்கள், விடுதலைப் புலிகளைப் போல ஓர் அமைப்பைத் தொடங்க நினைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு தேசியப் புலனாய்வு முகமையிடம் போனது. தடைசெய்யப்பட்ட அமைப்பின் பெயர் வந்துவிட்டால் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் பாயும். அதில் ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம். மதத்தின் பெயரால் வரும் மீம்களுக்கும் இதே சல்லடைதான், கண்ணியின் அளவு மட்டும் வேறு.

இனி சட்டம். கேலி செய்வது குற்றமில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீம் போட்டவனையெல்லாம் பிடித்து உள்ளே போடு என்கிற கூச்சலும் ஆபத்துதான். இணையத்தில் புண்படுத்தும் பதிவு போட்டாலே தண்டிக்க வழிசெய்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. ஒரு கருத்தைப் பேசுவதும் அதற்காக வாதாடுவதும் உரிமை, வன்முறைக்குத் தூண்டுவது மட்டுமே தடுக்கத்தக்கது என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது. சிறுமலைக்குச் சுற்றுலா போன ஒருவர், துப்பாக்கிப் பயிற்சிக்குப் போவதாகக் கிண்டலாக ஃபேஸ்புக்கில் எழுத, வாடிப்பட்டி போலீஸ் வழக்குப் போட்டது. 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதைத் தள்ளுபடி செய்தது. சிரிப்பதைப் பற்றி நீதிபதியே நகைச்சுவையாகத் தீர்ப்பெழுதினார்.

ஆனால் சாதி, மதம், மொழி, பிறந்த இடம் என்று சொல்லிப் பிரிவினருக்கிடையே பகை வளர்த்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. எழுத்து, பேச்சு, படம், மின்னணுத் தகவல் எல்லாமே அதில் வரும். பட்டியல் சாதி, பழங்குடியினர் மீது பகையை வளர்க்கும் காட்சிப் படத்துக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(யு) பிரிவு தனியாக இருக்கிறது. அங்கே முன்விசாரணை நடத்திவிட்டுத்தான் வழக்குப் பதிவோம் என்று காவல்துறை சொல்ல முடியாது. 18ஏ பிரிவு அதைத் தடுக்கிறது. கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரி மீது 4ஆம் பிரிவு பாயலாம்.

‘நான் எழுதல, ஃபார்வர்டுதான் பண்ணேன்’ என்பது செல்லாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவை 2018இல் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகர், படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார். பகிர்ந்த செய்தி எய்த அம்பு போன்றது என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, வழக்கை ரத்து செய்ய மறுத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. பின்பு அவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிரபலத்துக்கே இந்த நிலை. போலீஸ் வேலைக்கோ வெளிநாட்டுக்கோ விண்ணப்பிக்கும் பையனுக்குச் சரிபார்ப்பில் ஒரு எஃப்ஐஆர் எவ்வளவு கனம் என்பதை அவனுக்கு ‘லைக்’ போட்ட அண்ணன் சொல்ல மாட்டார்.

பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் லாக்கப்பில் வைக்கக் கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும். கைப்பேசியைக் கைப்பற்றினால் மகஜர் நகல் கேளுங்கள். பிள்ளை இந்தப் பக்கம் சாய்கிறான் என்று தெரிந்தவுடன் கைப்பேசியைப் பிடுங்கி உடைப்பது எதற்கும் உதவாது. குழு வேறு பெயரில் தொடரும், அப்பாவிடம் பேசுவது மட்டும் நின்றுபோகும். ‘இது ஏன்டா சிரிப்பா இருக்கு, எனக்கும் சொல்லு’ என்று உட்கார்ந்து கேட்பது வேலை செய்யும். ஜோக்கை விளக்கச் சொன்னால் அதற்குள் இருக்கும் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பள்ளியிலும் இதைப் பேசலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மணிக்கட்டுக் கயிறும் சைக்கிளில் சாதி நிறமும் கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. கயிற்றைக் கழற்றிவிடலாம், ஸ்டேட்டஸ் பையிலேயே இருக்கிறது.

நீங்களோ உங்கள் பிள்ளையோ மீமில் குறிவைக்கப்பட்டால் முதல் வேலை அழிக்காமல் இருப்பது. பதிவின் இணைப்பு, கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலிருந்து கீழ்வரை ஸ்கிரீன் ரெக்கார்டும் எடுங்கள். கோகுல்ராஜ் வழக்கில் சாட்சிகள் பலர் பிறழ்ந்த நிலையில், கோயில் கண்காணிப்புக் கேமராப் பதிவு முக்கியச் சான்றாக நின்றதை நினைவில் வையுங்கள். மின்னணுச் சான்றுக்குப் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவில் சான்றிதழ் வேண்டும் என்பதால், பதிவு எடுத்த கைப்பேசியை மாற்றாமல், ரீசெட் செய்யாமல் வைத்திருங்கள். ‘பாருங்க எப்படிப் போட்டிருக்கான்’ என்று பத்துக் குழுவுக்கு அனுப்புவது அவனுக்கு நீங்கள் செய்யும் இலவச விளம்பரம்.

தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் பதியலாம். 1930 என்ற எண் முதன்மையாகப் பண மோசடிக்கானது. ஃபேர்லேண்ட்ஸ் சேலம் மாநகரக் காவல் எல்லை. ஓமலூர் சேலம் மாவட்டக் காவல் எல்லை. திருச்செங்கோடு நாமக்கல் மாவட்டம். எல்லையைச் சொல்லி அலைக்கழித்தால், எல்லை பாராமல் பதியும் ஜீரோ எஃப்ஐஆர் கேளுங்கள். மறுத்தால் எஸ்பிக்கோ ஆணையருக்கோ எழுத்தில், பிறகு மாஜிஸ்திரேட்டிடம். வன்கொடுமைக்கு 14566, சட்ட உதவிக்கு 15100, குழந்தைகளுக்கு 1098. காதல் ஜோடியின் படத்தைச் சுற்றவிட்டு மிரட்டினால் காத்திருக்கவே கூடாது: சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று உத்தரவிட்டு, பாதுகாப்பு இல்லம் அமைப்பதைப் பரிசீலிக்கவும் சொல்லியிருக்கிறது. பாதுகாப்பு கேட்டு மனுக் கொடுக்கும்போது அந்தத் தீர்ப்பின் பெயரை எழுதுங்கள்.

கடைசியாக, அபார்ட்மென்ட், உறவினர், பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுக்களின் அட்மின்களுக்கு ஒரு வார்த்தை. உறுப்பினர் போட்ட பதிவுக்காக, அட்மின் என்கிற ஒரே காரணத்துக்காக உங்களைக் குற்றவாளியாக்க முடியாது என்று மதுரைக் கிளை 2021இல் சொல்லிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் யார் போட்ட செய்தியையும் எல்லோருக்கும் அழிக்கும் வசதி உங்கள் கையில் இருக்கிறது. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.