இன்டர்லாக் கல் எதைப் பூட்டுகிறது?

வீட்டுச் சுவரில் இருக்கும் கல்லுக்கு வேலை சுமப்பது. கேட் தூணில் இருக்கும் கல்லுக்கு அது பாதி வேலைதான். ஐந்தடி அகலமும் 150 கிலோ எடையும் உள்ள ஓர் இரும்புக் கதவை, நாலடி இடைவெளியில் இரண்டு கீல்கள் வைத்துத் தூணில் மாட்டுகிறோம். அப்போது மேல் கீல் தூணைச் சுமார் 94 கிலோ விசையுடன் இழுத்துக்கொண்டே இருக்கும். கீழ்க் கீல் அதே விசையுடன் தள்ளும். கதவைத் திறந்தால் இழுக்கும் திசை மாறுமே தவிர இழுவை குறையாது. பிள்ளைகள் ஏறி ஆடினால் இன்னும் கூடும்.

இப்போது வேலித் தூணுக்கும் தோட்டத்துப் பூந்தொட்டிக்கும் பலரும் இன்டர்லாக் கல்லைத்தான் கேட்கிறார்கள். மேலே குமிழ், அடியில் அதற்கேற்ற குழி. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் கச்சிதமாக உட்காரும். பூச்சு வேலை மிச்சம், நாளும் மிச்சம். நானும் இந்தக் கல்லை மனதார ஆதரிப்பவன். ஆனால் “பூட்டுக் கல்தானே, சிமென்ட்டும் வேண்டாம், கம்பியும் வேண்டாம்” என்று சொல்லிக் கட்டித் தருவதை மட்டும் ஏற்க முடியாது. குமிழும் குழியும் கல்லைப் பக்கவாட்டில் நகரவிடாது. அதே கல்லை மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள், கையோடு வந்துவிடும். தூண் ஒரு பக்கம் சாயப் பார்க்கும்போது மறுபக்கத்துக் கற்களுக்கு நேர்வது இதுதான்.

கற்களைக் கோத்துக் கட்டுவதில் புகழ்பெற்றது இங்கிலாந்தின் எடிஸ்டோன் கலங்கரை விளக்கம். கடல் நடுவே ஒரு பாறைமேல் ஜான் ஸ்மீட்டன் 1756-ல் அதைக் கட்டத் தொடங்கினார். 1759-ல் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு கருங்கல்லையும் தச்சர்கள் மரத்தில் போடும் புறாவால் இணைப்பைப் போலச் செதுக்கி, பக்கத்துக் கல்லோடு கோத்தார். ஒரு வரிசை மற்றொன்றின்மேல் வழுக்காமலிருக்கப் பளிங்கு முளைகளை இறக்கினார். நம் இன்டர்லாக் கல்லின் குமிழ் செய்வதும் அந்த முளையின் வேலையைத்தான். அவ்வளவு கோத்த பிறகும் ஸ்மீட்டன் சாந்தை விடவில்லை. தண்ணீருக்குள்ளும் இறுகும் சுண்ணாம்பைத் தேடிக் கண்டுபிடித்துப் பூசினார். நூறாண்டுக்கு மேல் அந்தக் கோபுரம் நின்றது. பின்னாளில் அதைப் பிரிக்க நேர்ந்ததற்குக் காரணம், அடியிலிருந்த பாறையை அலை அரித்ததுதான். கற்கள் நன்றாகவே இருந்தன.

இன்டர்லாக் கல் கான்கிரீட்டிலும் உண்டு, மண்ணிலும் உண்டு. மண்ணை அழுத்தி, சுடாமலேயே கல் செய்யும் கையியந்திரம் 1950-களில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் உருவானது. அதைச் செய்தவர் ரவுல் ராமிரெஸ் என்ற பொறியாளர். இயந்திரத்தின் பெயர் சின்வா-ராம். நம் பக்கத்தில் இந்தக் கலையை வளர்த்த இடம் ஆரோவில். அங்கே 1989-ல் தொடங்கிய எர்த் இன்ஸ்டிட்யூட், சத்பிரேம் மைனியின் வழிகாட்டலில் துளையுள்ள இன்டர்லாக் மண்கல்லை வடிவமைத்தது. 2001 பூகம்பத்துக்குப் பிறகு குஜராத்தில் வீடுகள் கட்ட அந்தக் கல் பயன்பட்டது. அங்கே துளைகள் வழியே கம்பியை இறக்கிக் கான்கிரீட் ஊற்றினார்கள். அந்தத் துளை இருப்பதே அதற்காகத்தான்.

இந்தக் கல்லுக்கு எல்லா மண்ணும் ஆகாது. ஏறத்தாழ பாதி மணல், ஐந்தில் ஒரு பங்கு களி, மீதி சரளையும் வண்டலும் இருந்தால் நல்லது. அதோடு 5 சதவீதம் சிமென்ட். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்: கண்ணாடிப் பாட்டிலில் கால்வாசி மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி வைத்தால் முதலில் சரளையும் மணலும் அடியில் தங்கும், பிறகு வண்டல், கடைசியாகக் களி. களிப் படலம் மிகத் தடிமனாக இருந்தால் கல் காயும்போது வெடிக்கும். அழுத்தி எடுத்த கல்லை நிழலில் அடுக்கி, ஈரம் போகாமல் நான்கு வாரம் ஆற்ற வேண்டும். அவசரத்தில் இந்த வேலையைத்தான் பலர் சுருக்கிவிடுகிறார்கள்.

ஆரோவில் கல்லின் உயரம் 95 மி.மீ. இடையில் 5 மி.மீ. மெல்லிய சாந்து விட்டால் ஒரு வரிசை சரியாக 10 செ.மீ. ஆகும், இருபது வரிசையில் இரண்டு மீட்டர் தூண். சாந்து ஒட்டுவதற்கு மட்டுமல்ல, கல்லின் மேடுபள்ளத்தைச் சமன்செய்யவும் அதுதான். 24.5 செ.மீ. அகலக் கல் ஒவ்வொன்றும் ஒரே பக்கமாக ஒரு மில்லிமீட்டர் சரிந்திருந்தால், இருபதாவது வரிசையில் தூணின் தலை ஏறக்குறைய 8 செ.மீ. விலகி நிற்கும். அதனால்தான் நல்ல கொத்தனார் ஒவ்வொரு வரிசைக்கும் ரசமட்டம் வைக்கிறார். சதுரக் கல்லாக இருந்தால் அடுத்ததைத் திருப்பி வைத்து அந்தச் சரிவைக் கழிக்கிறார்.

கம்பி அடித்தளத்திலிருந்தே கிளம்ப வேண்டும். வானம் தோண்டி, அடியில் போடும் கான்கிரீட்டிலேயே கம்பியை நட்டு நிறுத்திவிட்டு, அதில் கல்லைக் கோத்துக்கொண்டே மேலே வரலாம். நாலைந்து வரிசைக்கு ஒருமுறை துளையை நனைத்து, சிப்ஸ் ஜல்லி போட்ட தளர்ந்த கலவையை ஊற்றிக் கம்பியால் குத்திவிட வேண்டும். நனைக்காவிட்டால் காய்ந்த மண்கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். மொத்தத் தூணையும் கட்டிவிட்டு மேலிருந்து ஊற்றினால் நடுவில் எங்கே வெற்றிடம் நிற்கிறதென்று யாருக்கும் தெரியாது. கீலைத் தாங்கும் இரும்புப் பட்டையும் இந்தக் கான்கிரீட்டுக்குள் புதைய வேண்டும். கல்லின் முகத்தில் துளையிட்டு மாட்டிய கீல் நாளடைவில் ஆட்டம் காணும். மண்கல் தூணாக இருந்தால், மழைத்தண்ணீர் தெறிக்கும் அடி ஓரடிக்குக் கருங்கல்லோ கான்கிரீட்டோ நல்லது. தலையில் சரிவான மூடியும் வேண்டும்.

பூந்தொட்டியின் கதை வேறு. அங்கே எதிரி உள்ளே இருக்கிறது. ஈரமண் ஒரு கனமீட்டர் கிட்டத்தட்ட 1.8 டன். இரண்டடி உயரத் தொட்டியில் அது சுவரை ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 110 கிலோ விசையுடன் வெளியே தள்ளும். உயரம் இரு மடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்காகும். அடியில் நீர் வடிய வழியில்லாமல் மழை தேங்கினால், அதே இரண்டடிச் சுவரிலேயே அது இரு மடங்குக்கு மேல் போய்விடும். நீளமான பக்கம் நடுவில் புடைத்துக்கொண்டு வருவது பெரும்பாலும் இதனால்தான். முதல் வரிசையிலேயே வடிதுளைகள் விட்டு, உள்ளே ஜல்லியோ உடைசெங்கல்லோ ஒரு சாண் நிரப்பி, அதன்மேல் மண் போடுங்கள். மூலைகளிலும் மீட்டருக்கு ஒன்றாகவும் கம்பி இறங்கட்டும். எப்போதும் ஈரத்தில் கிடக்கும் இந்த வேலைக்கு மண்கல்லைவிடக் கான்கிரீட் கல்தான் என் தேர்வு.

கான்கிரீட் தொட்டியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதுச் சுவரிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணைக் காரமாக்கும். அருகில் இட்லிப்பூச் செடி வைத்தால் இளம் இலைகள் வெளுத்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாததால் வரும் நோய் அது. உட்பக்கத்தில் தார் பூசியோ தடித்த பிளாஸ்டிக் தாள் விரித்தோ மண் போட்டால் பெரும்பாலும் தவிர்க்கலாம். தாள் விரிக்கும்போது வடிதுளையை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.