சுவிட்சுப் பெட்டிக்குள் வீசும் காற்று

காடாம்புலியூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். புதுவீடு குடிபோய் ஓராண்டு ஆகவில்லையாம். படுக்கையறையில் ஏசி ஓடும்போது கட்டிலோரச் சுவிட்சுப் பெட்டியிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வருகிறதாம். சொன்னால் கொத்தனார் சிரிக்கிறாராம். நான் சிரிக்கமாட்டேன்.

சிறுவயதில் சைக்கிள் கடை வாசலில் நின்று பார்த்த வேடிக்கைதான் இதற்கு விடை. டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தட்டில் அமுக்குவார்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. வீட்டைத் தட்டில் அமுக்க முடியாதே! அதனால் வாசற்கதவைத் திறந்து, அந்த இடத்தில் துணித்திரை கட்டி, நடுவே பெரிய மின்விசிறியைப் பொருத்தி உள்காற்றை வெளியே இறைக்கிறார்கள். இதற்குப் புளோயர் டோர் என்று பெயர். உள்ளே அழுத்தம் 50 பாஸ்கல் குறையும்வரை விசிறி சுழலும். ஐந்து மில்லிமீட்டர் தண்ணீரின் கனம்தான் அது. அந்த அழுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கு வீட்டுக் காற்று எத்தனை முறை மாறுகிறது என்பதே கணக்கு. ஜெர்மனியின் பாசிவ்ஹவுஸ் என்ற கட்டட விதிப்படி 0.6 முறைக்கு மேல் கூடாது.

1970களில் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இந்த ஆய்வு சூடுபிடித்தது. கௌதம் தத் என்ற ஆய்வாளரும் அந்தக் குழுவில் இருந்தார். சன்னல் இடுக்குகளை எல்லாரும் அறிவார்கள். அவர்கள் தேடிப்பிடித்தது சுவருக்குள்ளேயே பரணுக்கு ஏறும் கள்ள வழிகளை.

நம்மூர்க் கள்ள வழி வேறு. பின்னாளில் மாடி எடுக்கும்போது உதவும் என்று மொட்டைமாடியில் வயர் பைப்புகளை நீட்டி வைப்போமே, அவற்றின் வாய் திறந்தே கிடக்கிறது. ஏசி குளிர்த்திய காற்று கனமானது. கதவின் அடி இடுக்கு வழியே நழுவி வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப, வெயிலில் காய்ந்த மாடிக் காற்று பைப்பில் இறங்கிச் சுவிட்சுப் பெட்டியில் எட்டிப் பார்க்கிறது. சித்தெறும்பு சுவிட்சிலிருந்து வரிசையாக வந்தால் அந்தத் தடத்தில் காற்றும் வருகிறது என்றே நான் வைத்துக்கொள்வேன்.

காடாம்புலியூர் இருக்கும் கடலூர்ப் பக்கத்துக் காற்று ஈரத்தையும் சுமந்து வரும். நீராவியை ஒரு லிட்டர் தண்ணீராக்க ஏசி அகற்றவேண்டிய வெப்பம் சுமார் 2,400 கிலோஜூல். அடுப்பில் ஏறக்குறைய எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அதே அளவு வெப்பம் வேண்டும். வெளியே சொட்டும் தண்ணீரில் மின்கட்டணமும் சொட்டுகிறது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தப் பக்கத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்தபோது, மரநிலைக்கும் சுவருக்கும் நடுவே மழை பீய்ச்சி அடித்த வீடுகள் எத்தனை! அதற்குப் பிறகும் முகப்புக்கும் டைல்ஸுக்கும் லட்சக்கணக்கில் கொட்டுகிறோம். பைப்பு வாய்க்குச் சில ரூபாய் மூடி வாங்கக் கை வருவதில்லை.

வாசகிக்கு விசிறிக் கருவியெல்லாம் தேவையில்லை. அடுப்பை அணைத்து, கதவு சன்னல்களைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, ஊதுபத்தியோடு சுவரோரம் நடந்தால் போதும். புகை திடீரென அறைப்பக்கம் சாயும் இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். நிலை இடுக்குக்குச் சிலிக்கோன், ஏசி பைப் துளைக்கு ஃபோம், கதவடிக்கு ரப்பர் பட்டை. சமையலறையையும் கேஸ் கீசர் இருக்கும் அறையையும் தொடவேண்டாம். கேஸ் அடுப்புக்கும் கேஸ் கீசருக்கும் காற்றோட்டம் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஏசி இல்லாத கூடத்தின் வெண்டிலேட்டரையும் விட்டுவிடலாம்; அதன் வேலையே காற்று விடுவதுதான்.

இப்படி எழுதிப் போட்டேன். பதில் வந்தது. மாடியில் எட்டு பைப்புகள் நின்றனவாம். இரண்டின் வாயைக் குளவி ஏற்கெனவே மண்ணால் பூசி வைத்திருந்ததாம்.