பாட்டியின் மாத்திரையும் வாசல் அரளியும்

சென்ற கோடை விடுமுறையில் என் பாட்டி கேழ்வரகுக் கூழையும் பாலையும் திடீரென்று நிறுத்திவிட்டார். இரத்தக் கொதிப்புக்காக அவர் உண்ணும் அம்லோடிபின், கால்சியத்தைத் தடுக்கும் மருந்து என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாராம். “மாத்திரை தடுப்பதை நான் ஏன் குடிக்க வேண்டும்?” என்றார் பாட்டி. நியாயமான கேள்விதான்! விடை தேடியபோது நான் கற்றதை இங்கு எழுதுகிறேன்.

நம் உடலிலுள்ள கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதி மிகச் சிறிதே. ஆயினும் அஃதின்றித் தசை சுருங்காது. லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர் இதைக் கண்டது ஒரு தவறினால்தான். அவர் உப்புக் கரைசலில் வைத்த தவளை இதயம் வெகு நேரம் துடித்தது. விசாரித்தால், கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் செய்யாமல் குழாய்த் தண்ணீரில் செய்திருந்தார்கள். வடித்த நீரில் செய்ததும் துடிப்பு விரைவில் நின்றது. குழாய் நீரிலிருந்த கால்சியமே காரணம் என்று அவர் 1883-இல் வெளியிட்டார்.

தசைச் செல்லின் உள்ளே இருப்பதைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு கால்சியம் வெளியே இருக்கிறது. நடுவே மெல்லிய சவ்வு. அதில் நுண்ணிய வாயில்கள். வாயில் திறந்தால் கால்சியம் உள்ளே பாயும், தசை சுருங்கும். அம்லோடிபின் இரத்தக் குழாய்ச் சுவரின் தசைகளில் இவ்வாயில்களை ஓரளவு அடைக்கிறது. குழாய் தளர்ந்து அகல, அழுத்தம் குறைகிறது. அப்படியானால் கை கால் தளராதா? தளராது. அத்தசைகள் செல்லுக்குள்ளேயே சேமித்த கால்சியத்தைக் கொண்டு சுருங்குபவை. உணவிலுள்ள கால்சியம் எலும்புக்குப் போவதையும் இம்மாத்திரை தடுப்பதில்லை.

அஸ்தினாபுரத்தில் எங்கள் வாசலில் பூக்கும் அரளியின் நஞ்சோ நேர்மாறானது. அது சவ்வில் சோடியத்தை வெளியேற்றும் பம்பை நிறுத்துகிறது. சோடியம் தேங்கினால், அதற்கு மாற்றாக வெளியேற வேண்டிய கால்சியமும் இதயத் தசைக்குள் தேங்கித் துடிப்பு தாறுமாறாகும். திருவிதாங்கூர் தேவசம் வாரியம் 2024 மே மாதத்தில் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை நிறுத்தியது இந்த நஞ்சுக்கு அஞ்சித்தான். வியப்பு என்னவென்றால், இதே வழியில் வேலை செய்யும் டிஜாக்சின் மருந்தை மிகச் சிறிய அளவில் இதய நோயாளிகளுக்குத் தருகிறார்கள்.

பாட்டியிடம் இவற்றைச் சொன்னேன். கூழ் மறுநாளே திரும்பி வந்தது. அவருடைய கணுக்கால் வீக்கம்கூட அம்லோடிபினால் வந்ததுதான். டாக்டரிடம் காட்டியதும் அளவைக் குறைத்தார். இப்போது பாட்டி, அரளியை வெட்டும்படி அப்பாவை நச்சரிக்கிறார். பூ அழகாக இருக்கிறதே என்கிறார் அப்பா. தம்பிப் பாப்பா தவழத் தொடங்கிவிட்டான்; ஆகவே நான் பாட்டியின் கட்சி.