பழைய ஸ்னோமொபைல் இரண்டு, வாங்கப்போவது ஒன்று

ரொறன்ரோவிலோ மார்க்கத்திலோ இருக்கிறீர்கள். இந்தக் குளிர்காலத்தில் ஹாலிபேர்ட்டன், மஸ்கோகா பக்கம் போய் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) ஓட்டவேண்டும் என்று ஆசை. புதிய வண்டியின் விலை பயமுறுத்துகிறது. தேடியதில் இரண்டு பழைய வண்டிகள் ஏறக்குறைய ஒரே விலைக்கு அகப்பட்டிருக்கின்றன. எதை எடுப்பது?

பேச வசதியாக, ஒன்ராறியோவில் விற்பனைக்கு வரக்கூடிய இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 2012ஆம் ஆண்டின் ஸ்கீ-டூ எம்எக்ஸ்இசட் 600 ஈ-டெக். மற்றது 2014ஆம் ஆண்டின் ஸ்கீ-டூ கிராண்ட் டூரிங் 900 ஏஸ். இரண்டும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு. கியூபெக்கின் வல்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே 1959இல் சந்தைக்குக் கொண்டுவந்த அதே ஸ்கீ-டூதான். ஆனால் இவை வேறு வேறு வேலைக்குச் செய்யப்பட்டவை.

முதலில் எதை யோசிப்பது? உங்களுக்குப் பின்னால் யாராவது உட்காரப்போகிறார்களா என்பதை. எம்எக்ஸ்இசட் ஒருவருக்கான வண்டி. அதை உந்தும் ரப்பர் பட்டையின் நீளம் 120 அங்குலம். இருக்கை நீளமாகத் தெரிவதால் இன்னொருவரும் உட்காரலாம் என்று தோன்றும். அப்படி உட்கார்ந்தால் பாரம் பின்னால் போய், முன்னாலுள்ள ஸ்கீகள் (வண்டியைத் திருப்பும் சறுக்குச் சட்டங்கள்) பனியில் சரியாக ஊன்றாது. வளைவில் ஹாண்டிலைத் திருப்புவீர்கள், வண்டி நேரே மரத்தை நோக்கிப் போகும். தயாரிப்பாளரே இதை அனுமதிப்பதில்லை.

கிராண்ட் டூரிங்கில் பட்டை 137 அங்குலம். பின்னால் இருப்பவருக்கு முதுகுச் சாய்வும் பிடிப்பதற்குக் கைப்பிடியும் உண்டு. நீளமான பட்டை, பாதையில் உள்ள பள்ளங்களைக் கடக்கும்போது குலுக்கலையும் குறைக்கும். மனைவியையோ பிள்ளையையோ ஏற்றிப்போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இந்தக் கேள்வி இங்கேயே முடிந்துவிட்டது: எம்எக்ஸ்இசட்டை விட்டுவிடுங்கள்.

தனியாகத்தான் ஓட்டப்போகிறேன் என்கிறீர்களா? அப்படியானால் மேலே படியுங்கள்.

600, 900 என்ற எண்கள் எஞ்சினின் கொள்ளளவைக் குறிக்கின்றன. எண் கூடினால் வலுவும் கூடும் என்று நினைப்பது இயல்பு. இங்கே அது தலைகீழ். 600 ஈ-டெக் ஏறத்தாழ 115 குதிரைவலு தரும், 900 ஏஸ் 90 அளவில்தான் தரும். முதலாவது டூ-ஸ்ட்ரோக் (ஒவ்வொரு சுற்றிலும் எரிபொருள் எரியும் எஞ்சின்), மற்றது ஃபோர்-ஸ்ட்ரோக் (இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும் எஞ்சின்) என்பதே காரணம்.

வலு குறைந்ததை எடுத்தால் பின்தங்கிவிடுவேனா? மாட்டீர்கள். ஒன்ராறியோவின் ட்ரெயில்களில் (இயந்திரம் கொண்டு பனியைச் சமப்படுத்திப் பராமரிக்கும் பாதைகள்) வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். அதற்கு 90 குதிரைவலு தாராளம். மேலதிக வலுவை நிறுத்தத்திலிருந்து பாயும்போது உணரலாம். முதல் குளிர்காலத்தில் உங்களுக்கு அது தேவைப்படாது. கிராண்ட் டூரிங்கில் வேகத்தையும் உந்தலையும் மட்டுப்படுத்தும் ஈகோ என்ற ஓட்டமுறையும் உண்டு, புதிதாகப் பழகுபவருக்கு அது நல்லது.

அப்படியென்றால் டூ-ஸ்ட்ரோக்கில் என்னதான் நன்மை? எடை. கிராண்ட் டூரிங் பல பத்துக் கிலோ கூடியது. பாதையின் ஓரம் தவறி இடுப்பளவு பனியில் இறங்கிவிட்டால் எம்எக்ஸ்இசட்டின் பின்பக்கத்தைத் தூக்கி, பனியை மிதித்து, ஒருவராகவே வெளியே எடுத்துவிடலாம். மற்றதற்கு இரண்டாவது ஆள் வேண்டும்.

குளிரில் ஸ்டார்ட் ஆவதிலும் வேறுபாடு இருக்கிறது. ஈ-டெக்கைக் கயிறு இழுத்தே ஸ்டார்ட் பண்ணலாம், பட்டரி செத்திருந்தாலும் எஞ்சின் பிடிக்கும். 900 ஏஸ் பட்டரியை நம்பியே இருக்கிறது. மைனஸ் 25இல் ஏரிக்கரையில் நிற்கும்போது இந்த வேறுபாடு பெரியது. ஆகவே ஏஸ் எடுப்பவர் புதிய பட்டரிக்கும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும்.

ஓட்டும் செலவில் ஏஸ் வெல்லும். ஈ-டெக்கில் ஒயிலைப் பெற்றோலுடன் கலக்கும் தொல்லை இல்லை, தனித் தாங்கியிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த ஒயில் எரிந்து தீரும், திரும்பத் திரும்ப வாங்கவேண்டும், விலையும் கூடியது. ஏஸுக்குப் பருவத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றினால் பெரும்பாலும் போதும். பெற்றோலும் குறைவாகக் குடிக்கும். வடக்கே பெற்றோல் நிலையங்கள் தூரம் தூரமாக இருப்பதால், இது காசை மட்டும் பொறுத்த விடயம் அல்ல.

இவ்வளவும் காகிதத்தில் உள்ள ஒப்பீடு. உண்மையில் தீர்மானிக்கவேண்டியது விற்பவரின் கராஜில் நிற்கும் அந்தக் குறிப்பிட்ட வண்டி எப்படி இருக்கிறது என்பதுதான். இதைப் பொறுமையாகப் பாருங்கள்.

போகும் முன் தொலைபேசியில் ஒன்று சொல்லிவிடுங்கள்: “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணவேண்டாம்.” போனதும் எஞ்சின் பக்கம் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சூடேற்றிய எஞ்சின் எப்படியும் பிடிக்கும், குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைக் காட்டும்.

புகை வந்தால்? டூ-ஸ்ட்ரோக்கில் தொடக்கத்தில் நீலப்புகை கொஞ்சம் வருவது இயல்பு. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் நீலப்புகை நிற்காமல் வந்தால் எஞ்சின் ஒயிலை எரிக்கிறது, விலகிவிடுங்கள். ஏஸின் ஒயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். ஒயில் பால் கலந்ததுபோல் இருந்தால் குளிர்ச்சித் திரவம் உள்ளே கசிந்திருக்கலாம். குளிரில் சிறு தூரம் மட்டும் ஓடும் வண்டியில் நீராவி படிந்தும் இலேசாக அப்படி ஆகும். எதனால் என்று பிரித்தறிய ஒரு மெக்கானிக் வேண்டும்.

ஈ-டெக்குக்குக் கட்டாயம் கேட்கவேண்டியது கம்ப்ரெஷன் சோதனை (சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று அளப்பது). இரண்டு சிலிண்டர்களின் அளவுகளும் பத்து வீதத்துக்குமேல் வேறுபடக்கூடாது. கருவி மலிவானது, வேலையும் சில நிமிடம்தான். “அதெல்லாம் எதற்கு” என்று விற்பவர் மறுத்தால், அந்த மறுப்பையே விடையாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து பக்கவாட்டு மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஸ்கூட்டரில் இருப்பதுபோலவே இங்கும் கியர் மாற்றும் வேலை இல்லை. இரண்டு கிளச்சுகளுக்கு நடுவே ஓடும் ஒரு ரப்பர் பெல்ற் அதைப் பார்த்துக்கொள்கிறது. பெல்ற் ஓரம் பிய்ந்தோ பளபளத்தோ இருந்தால் புதியது போடவேண்டும், அது பெரிய குறை இல்லை. கிளச்சின் உலோக முகத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் செலவு பெரிது. நல்ல உரிமையாளர் மேலதிக பெல்ற் ஒன்றை வண்டியிலேயே வைத்திருப்பார்.

கீழே குனிந்து ரப்பர் பட்டையை முழுச்சுற்றும் பாருங்கள். புடைத்துநிற்கும் பற்கள் உடைந்திருக்கின்றனவா, ஓரம் கிழிந்திருக்கிறதா, உள்ளே குறுக்காக இருக்கும் கண்ணாடியிழைக் கம்பிகள் முறிந்திருக்கின்றனவா? பட்டை மாற்றுவது கூலியோடு ஆயிரம் டொலரைத் தொடும் வேலை. பனிக்கட்டியில் பிடிப்புக்காகப் பட்டையில் ஆணிகள் அடித்திருந்தால், பிடுங்கிப்போனவை எத்தனை என்று பாருங்கள். ஆணி கழன்று மேலேயுள்ள குளிரூட்டிகளைக் கிழித்திருக்கலாம், அங்கே பச்சையாகவோ சிவப்பாகவோ ஈரம் தெரிந்தால் அது கசிவு.

இன்னொரு பகுதியைப் பலரும் பார்க்க மறந்துவிடுகிறார்கள்: பட்டை உரசி ஓடும் ஸ்லைடர் (நீண்ட பிளாஸ்ரிக் தகடு). இதைக் குளிர்விப்பது பனி. எஞ்சினின் குளிர்ச்சித் திரவத்தைக் குளிர்விப்பதும் பட்டை வாரி எறியும் பனிதான். பாதை வெறும் பனிக்கட்டியாக இறுகியிருக்கும் நாளில் இரண்டுமே சூடேறும். பனிக்கட்டியைச் சுரண்டி மேலே எறியும் இரும்புக் கொக்கிகள் பொருத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பொருத்தியிருந்தால், ட்ரெயிலை அறிந்தவரிடம் இருந்த வண்டி அது.

பிறகு ஒவ்வொரு ஸ்கீயையும் இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டுங்கள். தளர்ந்து ஆடினால் மூட்டுகள் தேய்ந்திருக்கின்றன. பட்டைக்குள் உள்ள சிறு சில்லுகளைக் கையால் சுற்றும்போது கரகரத்தால் பெயரிங் போயிருக்கிறது. இவை சிறு வேலைகள், விலை பேச உதவும். அலுமினிய உடல் வளைந்தோ ரிவெட்டுகள் கழன்றோ இருந்தால் அது சிறு வேலை அல்ல, வண்டி எங்கோ பலமாக மோதியிருக்கிறது.

கிலோமீற்றர் எவ்வளவு இருந்தால் பயம் இல்லை? அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பற்றுச்சீட்டுகளோடு 8,000 கிலோமீற்றர் ஓடிய வண்டியை, கொட்டிலில் பல வருடம் சும்மா கிடந்த 3,000 கிலோமீற்றர் வண்டியைவிட நான் நம்புவேன். சும்மா கிடக்கும் வண்டியில் எலி வயரைக் கடிக்கும், காற்று வடிகட்டியில் கூடு கட்டும், பழைய பெற்றோல் பிசினாக மாறும். கோடைக்கு முன் வண்டியை எப்படி வைத்தார் என்று விற்பவரிடம் கேளுங்கள். ஈ-டெக்கில் எஞ்சின் உள்ளே ஒயில் பூசி ஓய்வுக்குத் தயாராக்கும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தியவர் தயங்காமல் விளக்குவார்.

சரி, இரண்டும் நல்ல நிலையில் இருந்தால்? என்னைக் கேட்டால், ரொறன்ரோவிலிருந்து வார இறுதியில் போய், முழுநாளும் ட்ரெயிலிலேயே ஓடும் புதியவருக்குக் கிராண்ட் டூரிங். சத்தமும் மணமும் குறைவு, உடம்பு நோகாது, பின்னால் ஒருவர் வரவும் இடம் இருக்கிறது. நீங்கள் தனியாள், இயந்திரத்தைத் தொட்டுப் பழகியவர், ட்ரெயிலருக்கு (காருக்குப் பின்னால் இழுத்துச்செல்லும் வண்டி) எடை குறைந்தது வேண்டும் என்றால் எம்எக்ஸ்இசட். உங்கள் கார் எவ்வளவு எடை இழுக்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

பத்திர வேலை என்னென்ன? சட்டகத்தின் வலப்பக்கத்தில் பொறித்த அடையாள எண்ணும் பதிவுப் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அந்த எண்ணை வைத்து, வண்டியின்மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று மாகாணப் பதிவேட்டில் தேடலாம். பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவர் உங்களிடமிருந்து வண்டியை எடுக்க முடியும். வாங்கிய ஆறு நாளுக்குள் சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்தில் பெயர் மாற்றவேண்டும். தனியாரிடம் வாங்கினாலும் 13 வீத வரி உண்டு, விலை பேசும்போதே அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதற்குமேல் காப்புறுதி, தலைக்கவசம், ட்ரெயில் அனுமதி. மூன்றும் கட்டாயம். அனுமதியை ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கழகங்களின் கூட்டமைப்பு விற்கிறது. பருவத்துக்குச் சில நூறு டொலர் ஆகும், பனி தொடங்கும் முன்னரே வாங்கினால் விலை குறைவு. கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் உங்களிடம் இருந்தால் ஸ்னோமொபைலுக்கென்று வேறு எடுக்கத் தேவையில்லை.

யமஹா மலிவாக வருகிறதே, எடுக்கலாமா? 2025ஆம் ஆண்டு வண்டிகளோடு ஸ்னோமொபைல் தயாரிப்பை நிறுத்துவதாக அந்த நிறுவனம் 2023இல் அறிவித்தது. அதன் ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் உறுதியானவை. தயாரிப்பு நின்றது என்பதற்காக மட்டும் ஒதுக்கவேண்டாம், ஆனால் உங்களுக்குக் கிட்ட அதைத் திருத்தும் கடை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

எப்போது வாங்குவது நல்லது? மார்ச் முடிவில், பருவம் முடியும்போது. விற்பவர்கள் கோடைக்கு முன் இடத்தைக் காலியாக்க விரும்புவார்கள், ஓட்டிப் பார்க்கப் பனியும் இன்னும் இருக்கக்கூடும். கோடையில் பார்க்கப்போனால் சீமெந்துத் தரையில் ஓட்டிக்காட்டச் சொல்லாதீர்கள், ஸ்லைடர் உருகும். வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கியில் உயர்த்திச் சில நிமிடம் ஓடவிட்டால் போதும். அப்போது பட்டைக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது, பிள்ளைகளை அழைத்துப்போயிருந்தால் அவர்களைத் தள்ளியே நிறுத்துங்கள். சுழலும் பட்டையிலிருந்து கழலும் ஆணி எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்லமுடியாது.