வாசலில் ஒரு ஒர்க்‌ஷாப் – 9: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள்

“நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார்? கழட்டிப் போட்டுட்டா இன்ஜின் ஜில்லுனு ஓடும்.”

பழைய கார் வைத்திருப்பவர்களில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. சொல்கிற மெக்கானிக்குக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஹீட் ஆகி நின்ற வண்டியை அன்றைக்கே ஓடவைக்க அவருக்குத் தெரிந்த குறுக்கு வழி அது. அதற்கான விலையை இன்ஜின்தான் மாதக்கணக்கில் கொடுக்கிறது.

இன்ஜினுக்குச் சூடு வேண்டும். பெரும்பாலான இன்ஜின்கள், கூலண்ட் 90 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்போது நன்றாக ஓடும்படி அமைக்கப்பட்டவை. கத்திரி வெயில் 42 டிகிரியைத் தொட்டாலும் அதில் பாதிகூட இல்லை. அந்தச் சூடு வரும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. அது இல்லாமல் சூடு வராவிட்டால், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கணக்குப்போட்டு, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ கூடுதலாக பெட்ரோல் விடும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கும். மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. சில இன்ஜின்களில் சூடேறியதும் பைபாஸ் வழியை அடைப்பதே தெர்மோஸ்டாட்தான். அதைக் கழற்றிவிட்டால் கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றும். வண்டி முன்பைவிட அதிகமாக ஹீட் ஆகலாம்.

தெர்மோஸ்டாட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் ஒரு சின்னப் பித்தளைக் குப்பி, அதற்குள் மெழுகு. குறித்த சூட்டில் மெழுகு உருகிப் பருக்கும், உள்ளே இருக்கும் கம்பியைத் தள்ளும், வால்வு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். மின்சாரம் வேண்டாம். 1930களில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய இந்த ஏற்பாடு இன்றும் கார்களில் அப்படியே தொடர்கிறது. திறக்கும் சூடு, 82 என்றோ 88 என்றோ, அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

பழுதைக் கண்டுபிடிக்க, காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக் கூடாது. சில நிமிடங்கள் ஆறியே இருந்து பிறகு சட்டென்று சுட்டால் தெர்மோஸ்டாட் நன்றாக இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் திறந்தபடி சிக்கியிருக்கிறது. கேஜில் முள் ஏறியும் ஹோஸ் சூடாகவில்லை என்றால் மூடியபடி சிக்கியிருக்கலாம். உடனே இன்ஜினை நிறுத்துங்கள். ஹெட் கேஸ்கட் போவது இப்படித்தான்.

மாற்றும் வேலை, இன்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலண்ட் முகத்தில் அடிக்கும். கூலண்டைக் கொஞ்சம் பாத்திரத்தில் வடித்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். குழந்தையோ நாயோ வாய்வைக்காத இடத்தில் வையுங்கள். பல கார்களில் மேல் ஹோஸ் இன்ஜினோடு சேரும் இடத்தில்தான் ஹவுசிங் இருக்கும். சிலவற்றில் கீழ் ஹோஸ் பக்கம். கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸைத் திருகி எடுங்கள். ஹவுசிங் போல்ட்டுகளைக் கழற்றியதும், பழைய தெர்மோஸ்டாட் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று போனில் படம் எடுத்துவிடுங்கள். பொதுவாக மெழுகுக் குப்பி இன்ஜின் பக்கம் பார்க்கும். காற்று வெளியேற ஓரத்தில் ஆடும் சின்ன ஊசி இருந்தால் அது மேலே வர வேண்டும்.

புதிதை மாட்டுமுன் நூலில் கட்டி, சமையலுக்கு எடுக்காத பழைய பாத்திரத்தில், அடியைத் தொடாமல் வெந்நீரில் தொங்கவிடுங்கள். தண்ணீர் கொதிக்குமுன் வால்வு மெல்ல வாய் திறப்பதைக் கண்ணால் பார்க்கலாம். திறக்காததைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்தது சீல். நிறையப் பேர் அலட்சியம் காட்டுவது இங்கேதான். பழைய ரப்பர் வளையத்தைத் திரும்பப் போடாதீர்கள். அது தட்டையாகி இறுகிப்போயிருக்கும். காகித கேஸ்கட் என்றால் ஒட்டியிருக்கும் மிச்சத்தை பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் அலுமினியத்தில் கீறினால் அந்தக் கீறல் வழியே கசியும். புது ரப்பர் வளையத்துக்குப் பசை தேவையில்லை; பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து ரேடியேட்டரை அடைக்கும். போல்ட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஹவுசிங் அலுமினியமோ பிளாஸ்டிக்கோ, பலம் காட்டினால் உடையும்.

கடைசியாக ஏர் எடுப்பது. வண்டிக்கு ஏற்ற கூலண்டை ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய இன்ஜினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்து, குமிழ் நிற்கும்வரை ஓடவிடுங்கள். ஏர் லாக் இருந்தால் புது தெர்மோஸ்டாட்டும் சரியாகத் திறக்காது. மறுநாள் காலை கூலண்ட் அளவையும் ஹவுசிங் ஓரத்தையும் பாருங்கள்.

பல சின்ன கார்களுக்குச் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை இது. உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தால் திரும்ப மாட்டுங்கள். மாட்டிய பிறகும் ஹீட் ஆகிறதென்றால் பழுது வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேடிச் சரிசெய்ய வேண்டுமே தவிர, தெர்மோஸ்டாட்டைப் பலிகொடுக்கக் கூடாது.

(அடுத்த வாரம்: ரேடியேட்டர் ஃபேன் ஏன் சுற்றவில்லை?)