பூனையின் மூக்குக்கு மருந்து, கல்லீரலுக்கு நஞ்சு

கொல்லையில் தானாக முளைத்த குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் போட்டுப் பாருங்கள். எங்கேயோ படுத்திருந்த பூனை எழுந்து வரும். இலைப் பக்கம் திரும்பாது. நேராக வேருக்குப் போகும். மோந்து பார்க்கும், மெல்லக் கடிக்கும், கன்னத்தை வைத்துத் தேய்க்கும், எச்சில் ஒழுக மல்லாந்து புரளும். இந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்ற பெயரும் உண்டு.

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கிறிஸ்துமஸ் தீவிலும் பூனைகள் குப்பைமேனி வேரைத் தேடிப் போகின்றன. அந்த வேரிலிருந்து பூனைகளை இழுக்கும் இரண்டு சேர்மங்களை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2016இல் அடையாளம் கண்டார்கள். மேல்நாடுகளில் பூனைப் பொம்மைக்குள் வைத்துத் தைக்கும் கேட்னிப் செடியிலுள்ள நெபெட்டலாக்டோனுக்கு இவை நெருங்கிய உறவு. ஜப்பானில் இதே வேலையைச் செய்வது மட்டாட்டாபி என்ற கொடி. அதன் மணத்தை மோந்த பூனைகளின் இரத்தத்தில் பீட்டா எண்டார்பின் கூடுவதை இவாத்தே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் காட்டினார்கள். வலியைத் தணித்து இதம் தருவதற்கு உடலே சுரக்கும் பொருள் அது. உடம்பில் மட்டாட்டாபியைத் தேய்த்துக்கொண்ட பூனைமேல் கொசு குறைவாக உட்கார்ந்ததையும் அவர்கள் கண்டார்கள்.

மணம் பூனைக்கு ஒரு நல்ல வைத்தியம்தான். அடுக்குமாடி வீட்டில் அடைந்து கிடக்கும் பூனை கேட்னிப் பொம்மையோடு பத்து நிமிடம் உருண்டு விளையாடினால் அதன் சோர்வு விலகும். எல்லாப் பூனைக்கும் இந்த ஈர்ப்பு இருப்பதில்லை; அது பரம்பரையாக வரும் குணம். குட்டிகளுக்குச் சில மாதங்கள் ஆன பிறகே தெரியும்.

மோந்து மகிழ்ந்ததை உள்ளுக்கும் கொடுக்கலாம் என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. உடலுக்குள் வரும் பல வேதிப்பொருள்களோடு குளுக்குரோனிக் அமிலத்தைச் சேர்த்து, நீரில் கரையவைத்து வெளியேற்றுவது நம் கல்லீரலின் வேலை. ஃபீனால் வகைப் பொருள்களுக்கு அந்த வேலையைச் செய்யும் முக்கிய நொதி பூனைக்குக் கிடையாது. அதற்கான மரபணு வீட்டுப்பூனையிலும் சிங்கத்திலும் செயலிழந்து கிடக்கிறது. தலைமுறை தலைமுறையாக இறைச்சியையே தின்று வாழ்ந்த இனத்துக்குத் தாவர நஞ்சை முறிக்கும் தேவை குறைந்துபோனதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அதனால்தான் நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரை எடுத்துவிடும். நீலகிரித் தைலம், கிராம்பு எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய், கற்பூரம் எதுவும் பூனைக்கு ஆகாது. மேலே தடவினாலும் பூனை நக்கி உள்ளே இறக்கிவிடும். குடற்புழுவுக்கு நல்லது என்று பூண்டோ, சோற்றோடு வெங்காயமோ கொடுத்தால் சிவப்பணுக்கள் சிதைந்து சோகை வரும். குப்பைமேனியிலும் சயனைடு தரக்கூடிய பொருள் இருக்கிறது. வேரை மோந்து விளையாடட்டும். சாறு பிழிந்து ஊட்டாதீர்கள்.

மருந்தே இல்லாமல் நோயைத் தணிக்கும் வழிகளும் இருக்கின்றன. சில பூனைகள் அடிக்கடி முக்கி, சொட்டுச் சொட்டாக, சில சமயம் இரத்தத்தோடு சிறுநீர் கழிக்கும். பரிசோதித்தால் கிருமியும் இருக்காது, கல்லும் இருக்காது. இப்படிப்பட்ட சிறுநீர்ப்பை அழற்சியில் மன அழுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனி பஃபிங்டன் குழுவினர், இந்த நோயுள்ள 46 வீட்டுப்பூனைகளின் சூழலை மாற்றிப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2006இல் வெளியானது. ஒளிந்துகொள்ள இடம், ஏறி உட்கார உயரம், தினமும் விளையாட்டு, சுத்தமான மணல் தட்டு, மற்றப் பூனைகளோடு சச்சரவு இல்லாத ஏற்பாடு ஆகியவையே சிகிச்சை. பத்து மாதங்கள் கவனித்ததில் சிறுநீர்த் தொல்லை வெகுவாகக் குறைந்தது. பயமும் பதற்றமும்கூடக் குறைந்தன.

இதை நம் வீட்டிலும் செய்யலாம். காலி அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் கவிழ்த்து வையுங்கள். அலமாரியின் மேல்தட்டில் ஒரு துணி விரியுங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு மணல் தட்டு கூடுதலாக இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சோற்றுத் தட்டிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள். வயதான பூனைக்கு மூட்டு வலி இருந்தால் மெத்தென்ற, கதகதப்பான படுக்கையும் மேலே ஏற ஒரு படியும் உதவும். அக்குபங்சர், லேசர் போன்றவற்றை வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்கும் கால்நடை மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

இவை எல்லாம் மருத்துவத்துக்குத் துணை. மருத்துவருக்கு மாற்று இல்லை. ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அடைப்பாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இரண்டு நாள் சாப்பிடாத பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம், குறிப்பாக அது குண்டுப் பூனையாக இருந்தால். எந்த மூலிகையாக இருந்தாலும், மனிதருக்கு நல்லதா என்று கேட்பதை விட்டுவிட்டு, பூனையின் உடல் இதைத் தாங்குமா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.